எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை

சனிக்கிழமை காலை
நாடு முழுக்க ஐந்தே நிமிடம்
குரங்கு எண்ண வேண்டுமாம்.
தர்மிகா ஸ்கூட்டியில் வந்து
வீட்டுக்கொரு தாள் தந்தாள்.
"அவரவர் வளவுக்குள்ள நிக்கிறதை மட்டும், அங்கிள்.
பக்கத்து வளவைப் பாக்கக் கூடாது."
பக்கத்து வளவைப் பாராமல் ஒரு வேலையா,
முத்தையன்கட்டில்?

தாளில் குரங்கு, மந்தி, மர அணில், மயில்.
பன்றிக்குக் கட்டம் இல்லை. யானைக்கும் இல்லை.
இரவில் வருகிறவர்களை
எந்த அரசாங்கமும் எண்ணுவதில்லை.

முதல்நாள் பின்னேரமே
சங்கக்கடையடியில் கணக்குத் தொடங்கிவிட்டது.
தலைக்கு இவ்வளவென்று நட்டஈடு வரும் என்றார் ஒருவர்.
அவர் வளவில் அந்த இடத்திலேயே நாற்பது குரங்கு பிறந்தது.
இல்லை, வரி போடப் போறாங்கள் என்றார் இன்னொருவர்.
பிறந்த நாற்பதும் விடியமுன் செத்துப்போயின.
பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம் என்று
பஸ் நடத்துநர் கொண்டுவந்த கதையில்
பலருக்குக் குரங்கின்மேல் பொறாமை.
"ஏஜென்சிக் காசும் இல்லாமல்!
எங்கட பெடியனுக்கு நாலுதரம் விசா றிஜெக்ட்."

எட்டு மணி.
கச்சான் தோட்ட வரம்பில் நான்,
காதில் பேனை, கையில் தாள்.
வருசம் முழுக்கக் கிண்டித் தின்றவற்றில்
ஒன்றைக் காணவில்லை.
சொல்லாமல் வந்து சாப்பிடுகிற ஆட்கள்
கூப்பிட்ட அன்றைக்கு வராததுபோல.

எட்டு மூன்றுக்கு வந்தன.
பதினொன்று. குட்டியோடு பன்னிரண்டு.
வந்து குந்தியது
எனக்கும் குலசிங்கத்துக்கும் நடுவேலியில்.

அது சும்மா வேலி இல்லை.
ஒன்றரை அடி நிலம், ஏழு வருசம்,
முல்லைத்தீவு நீதிமன்றில் பத்தொன்பது தவணை.
இரண்டு சட்டத்தரணிமாரின் பிள்ளைகள்
எங்கள் வேலியில் ஏறித்தான் கம்பஸுக்குப் போனார்கள்.
குரங்கு அவனுடையது என்று விட்டால்
வேலியும் அவனுடையது.
என்னுடையது என்று எழுதினால்
பன்னிரண்டு கள்ளருக்கும் நான் பிணை.

அந்தப் பக்கம் குலசிங்கமும்
பேனையைக் கடித்தபடி
அதே சட்டப் பிரச்சினையில் நின்றான்.
எட்டு நாலு.
ஏழு வருசத்தில் முதல்தரம் வாய் திறந்தான்.
"ஆறாறாய்ப் பிரிப்பமோ?"
"குட்டி?"
"குட்டியை நீ எடு. தாய் என்ர பக்கம்."
"தாயை விட்டிட்டுக் குட்டி வராதடா."
சிரித்துவிட்டோம்.
சிரித்து முடிய எட்டு ஐந்து.
சாட்சியம் முடிந்ததுபோல்
வரிசையாக இறங்கிப் போயின,
என் கச்சானுக்குள்.

பின்னேரம் தாள் கொடுக்கப் பொதுநோக்கு மண்டபத்தில் வரிசை.
எனக்கு முன்னால் கமலவேணி அக்கா.
படிவம் அவவுக்குப் புதிதில்லை.
பதினாறு வருசமாய் எத்தனை ஆணைக்குழு, எத்தனை அலுவலகம்,
மகனின் பெயரை மூன்று மொழியிலும் எழுதுவா.
பழக்கதோசம், அன்றைக்கும்
அடையாள அட்டைப் பிரதியும் படமும் கொண்டுவந்திருந்தா.
"குரங்குக்குப் படம் தேவையில்லை அம்மா" என்ற தர்மிகா
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.
அக்கா கோபிக்கவில்லை.
தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தா.
"ஐஞ்சு நிமிசத்தில நாடு முழுக்க எண்ணி முடிக்கலாமெண்டால்,
அப்ப, எண்ணத் தெரியாமல் இல்லை" என்றா,
கறிக்கு உப்புப் பார்த்த குரலில்.

வரிசையில் ஒருவரும் பேசவில்லை.
மண்டபத் தகரத்தின்மேல் மட்டும்
தடதடவென்று ஓட்டம்.
நேரம் கடந்துவிட்டதால்
அவை கணக்கில் இல்லை.

வைகாசியில் எங்களுக்கு இருபதாம் தவணை.
குலசிங்கம் என் மோட்டார் சைக்கிளில் வருகிறானாம்,
பெற்றோல் பாதிப் பாதி.
வழக்கை விடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.